பதினெட்டாவது வரியில் சுடுதண்ணீர்

1958 ஜூலை 7, திங்கள்

தூறல். தீவிலேயே பீனிக்ஸ் ஊரின் ஜூலைக் குளிர்தான் மோசம், எலும்பு வரைக்கும். முதலில் ஒரு வெட்கக்கேடு: வீட்டு எசமானி மதாமின் சோப்பில் இன்று கை கழுவினேன். அவர் இறந்து மூன்று மாதம். மாடியில் கை கழுவும் தொட்டி ஓரத்தில் அது காய்ந்து வெடித்துக் கிடந்தது, யாரும் தொடுவதில்லை. ரோஜா வாசனை. நாள் முழுக்க என் கையை நானே மோந்துகொண்டு வேலை. இந்த வீட்டில் தமிழ் எழுத்துப் படிக்க வேறு ஆள் இல்லை. அதனால்தான் இவ்வளவு தைரியம்.

அவர் புருஷன் மிஸ்யே இப்போது தனி. ஆபீஸ் போகும் முன் மாடித் தொட்டியில்தான் சவரம். சுடுதண்ணீர் வர நேரமாகிறதாம்.

"மங்கா, மதாம் இருந்தப்ப திறந்ததும் சுட்டுச்சு. இப்ப நீ பாய்லரை லேட்டாப் பத்த வைக்கிற."

"அஞ்சுக்கே பத்த வச்சிடறேன், மிஸ்யே."

"சனிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வேற ஆள் பார்க்கணும்."

பதினோரு வருஷ வேலை. தண்ணீர் வரும் வரைக்கும் தாடி வளர்த்துப் பாருங்களேன் என்று வாயில் வந்தது. விழுங்கினேன்.

8, செவ்வாய்

வெயில், காற்று. விநாடி எண்ண என்னிடம் ஏது கைக்கடிகாரம். கோயில் வகுப்பில் படித்த காவடிப் பாட்டுதான் அளவு.

அடுப்படிக் குழாய்: ஒரு வரி முடியுமுன் சூடு.
கீழ்க் குளியலறை: நாலு வரி.
மாடி: பதினெட்டு.

மாடியில் திறந்துவிட்டுக் கீழே ஓடிவந்து, சுவரோரக் குழாயைத் தொட்டுத் தொட்டுப் படியேறினேன். சூடு என் கையோடு கூடவே ஏறுகிறது, ஆள் மாதிரி.

9, புதன்

குழாய்க்காரர் அந்துவான். எல்லாவற்றையும் பிரித்தார். ஒரு கரண்டி துரு. திரும்ப மாட்டினார். பாடினேன். அதே பதினெட்டு.

"குழாய் நல்லாத்தான் இருக்கு, மங்கா. வழியில நிக்கிற பச்சைத்தண்ணி முழுக்க வெளிய போனாத்தான் சுடுதண்ணி. இந்த வீட்டுல வழி நீளம்."

"உன் வயித்தைச் சுத்தி வர்றதை விடவா?"

வயிறு குலுங்கச் சிரித்தார். கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டே, "அப்ப உடனே வந்துச்சுன்னா, யாரோ முன்னாடியே திறந்துவிட்டிருக்காங்க."

அப்போதுதான் உறைத்தது. மதாம்தான் முதலில் எழுவார். அந்தத் தொட்டியில் முகம் கழுவி, விளக்கேற்றக் கீழே வருவார். வழியெல்லாம் சூடாக்கி வைத்துவிட்டு. மிஸ்யேக்குத் தெரியாது. மதாமுக்கே தெரிந்ததோ என்னவோ.

மிஸ்யேயிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அழுவார்.

10, வியாழன்

மிஸ்யே எழுமுன் மாடி ஏறி, திறந்து, பதினெட்டு வரி முணுமுணுத்து, மூடி, இறங்கினேன்.

"பாத்தியா, சீக்கிரம் பத்த வச்சா வருது!"

"எல்லாம் உங்க மிரட்டல்தான், மிஸ்யே."

சோப்பைத் தொடவில்லை. சத்தியமாக.

வாங்க வேண்டியது: சலவை நீலம், உப்பு, மண்ணெண்ணெய்.

11, வெள்ளி

பெருமழை. விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் எரிச்சல். மாடிக்குப் போக நேரமில்லை. பாய்லர் இப்போதுதான் சூடு, அதற்குள் மேலே குழாய் ஓடுகிற சத்தம். எழுந்துவிட்டார், வேலை போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். வாய் மட்டும் பழக்கத்தில் பாட்டை எண்ணியது. பதினெட்டாவது வரியில் தண்ணீர் நின்றது.

அதற்குப் பிறகுதான் மிஸ்யேயின் அறைக் கதவு திறந்தது. இருமல். செருப்புச் சத்தம்.

மழமழவென்ற முகத்தோடு இறங்கி வந்தார். "இன்னிக்கும் திறந்ததும் சூடு. நீயே இரு, மங்கா. வேற ஆள் வேணாம்."

தலையாட்டினேன். பிறகு மாடி பெருக்கப் போனேன். சோப்பு ஈரம். வெடிப்புக்குள் நுரை.

"மிஸ்யே, மதாம் சோப்பை எடுத்தீங்களா?"

"அதை நான் தொடுவேனா?" குரல் உடைந்துவிட்டது.

வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

12, சனி

மழை விட்டது. இன்று நான்தான் முதல் ஆள் என்று அரை மணி முன்னாலேயே பாய்லர். மாடி ஏறினேன். அறைக்குள் மிஸ்யேயின் குறட்டை. பச்சைத்தண்ணீர்தானே என்று குழாயைத் திறந்து கையை நேரே நீட்டினேன். பாட்டில் முதல் சொல்லைக்கூடச் சொல்லவில்லை, கொதிக்கக் கொதிக்க வந்தது.

இடது கை, இரண்டு விரல். கொப்புளம். தேங்காயெண்ணெய் போட்டிருக்கிறது. பாத்திரம் தேய்க்கவில்லை.