வண்டிப் பட்டை தேய்ந்த சேதி

சேசு மரி சூசை துணை

1893ஆம் வருஷம் மாசி மாதம், ராயப்பன்பட்டி.

கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டத்து மாட்டுவண்டி ஓட்டும் என் மகன் அந்தோணிமுத்துவுக்கு, உன் ஆத்தாள் இருதயம்மாள் சொல்ல கோயில் உபதேசியார் சின்னப்பராஜ் எழுதுவது. மாதா கிருபையால் இங்கே நானும் உன் அய்யாவும் எழுந்து நடமாடுகிறோம். அங்கே நீயும் மருமகள் ஆரோக்கியம்மாளும் குளிர் காய்ச்சல் அண்டாமல் சுகமாயிருக்க வேண்டும். செவலைக் காளைக்குக் கழுத்துப் புண் ஆறிவிட்டது, சோளம் இந்த வருஷம் சுமார்தான்.

போன வாரம் மலைமேல் அணை வேலைக்குச் சுண்ணாம்பு மூட்டை ஏற்றிப்போக உன் அய்யா வண்டியை முதல் நாளே ஆயத்தம் செய்தார். உனக்குத் தெரியும், மலையேறும் முன் அச்சைக் கல்லில் தூக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டையைத் தட்டிப் பார்ப்பார். அன்றும் தட்டினார், சத்தம் சரியாகத்தான் இருக்கிறதென்று எழுந்துபோய்விட்டார். நான் சக்கரத்துச் சேற்றைத் துடைத்தபோது, இடப்பக்கச் சக்கரத்துப் பட்டையின் உள்விளிம்பு கையை அறுக்கிற மாதிரி இருந்தது. சுற்றிலும் தடவினேன், வெளிவிளிம்பு விரல் கனம் இருந்தால் உள்விளிம்பு அரிவாள் வாயாகத் தேய்ந்திருந்தது, அதில் ஒரு இடத்தில் விரிசலுக்குள் நகம் இறங்கியது. கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல, முப்பது வருசமா ஓட்டுறவனுக்கு நீ சொல்லித் தாரியாக்கும்” என்றார். கண்ணுக்கு நேரே இருப்பதை இல்லையென்கிறாரே என்று எனக்குக் கோபம். மலையிறங்கும்போது பட்டை விட்டால் வண்டியும் மாடும் ஆளும் பள்ளத்தில்தானே. மறுநாள் விடியற்காலம் மாடு பூட்டும் முன் சக்கரம் கழலாமல் பிடிக்கிற கடையாணி இரண்டையும் உருவி மடியில் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். தெருவே கேட்கக் கத்தினார். நான் மடியை அவிழ்க்கவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சுருளிவேல் வந்து, கொல்லர் சின்னச்சாமியைக் கையோடு கூட்டிவந்தார். கொல்லர் நகம் இறங்கிய இடத்தில் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி போட்டார், பட்டை இரண்டாகப் பிளந்து தொங்கியது. “ஆத்தா இல்லேன்னா இந்நேரம் உங்களைத் தூக்கப் போயிருப்போம்” என்று கொல்லர் சொன்னதும் உன் அய்யா சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் போனபின் என்னிடம் சொன்னார், “ஆறு மாசமா எனக்குக் கண்ணு தெரியல, புகை மூட்டமா இருக்கு. சொன்னா நீ வண்டியை விக்கச் சொல்லுவேன்னு பயந்துட்டேன்.” அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இப்போது புதுப் பட்டை போட்டாயிற்று, வண்டியைச் சுருளிவேல் ஓட்டுகிறார். மதுரையில் கண் திரை எடுக்கிற டாக்டர் இருக்கிறாராம், பாஸ்கு பண்டிகை கழிந்ததும் கூட்டிப்போகிறேன். நீ பதறி வேலையை விட்டுவிட்டு வராதே. உன் வண்டிப் பட்டையை மட்டும் வாரத்துக்கு ஒரு தரம் இரண்டு விளிம்பும் தடவிப் பார், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அச்சும் கோணியிருக்கும், அதையும் கவனி.

இன்னொன்றும் அன்று தெரிந்தது மகனே. கண்ணே தெரியாதவர் உன் கடிதத்தை எப்படிப் படித்தார் என்று எனக்குத் திக்கென்றது. கார்த்திகையில் வந்ததைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, “சுகமா இருக்கானாம், அங்கன மழை அதிகமாம்” என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தார். பெட்டியிலிருந்து எடுத்து உபதேசியாரிடம் கொடுத்தேன். உனக்குப் பெண் பிறந்திருக்கிறது, என் பெயரையே வைத்து ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று என்று அவர் படித்ததும் உன் அய்யா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த வரியை நாலு தரம் படிக்கச் சொன்னார். பேத்தி பிறந்தும் வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லையே என்று நீயும் மருமகளும் இத்தனை நாள் என்ன நினைத்தீர்களோ. மனசில் வைக்காதீர்கள்.

பிள்ளை யார் சாயல் என்று எழுது. உன் கையெழுத்தை உபதேசியார் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார், தெளிவாக எழுது. சேசுவின் திருஇருதயம் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஆத்தாள், பெரிய இருதயம்மாள் கைநாட்டு.