நடுவில் விட்டுவைத்த எண்ணெய்

ஜனவரி 12, ஞாயிறு

கோவையில் எட்டு கேம் எறிந்துவிட்டு வந்தேன். முன்கை கனக்கிறது. அம்மா கேட்டாள்: “ஏங்கண்ணு, உருண்டை உருட்டறதுக்கு வாளையாரு தாண்டிப் போகோணுமா? நம்மூட்டுலயே தேங்கா கெடக்குதல்லோ.” எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் எலப்புள்ளியில், பந்தை உருட்டிப் பத்துப் பின்களைச் சாய்க்கும் இந்த பௌலிங்கை யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை.

இங்கேயாவது எழுதிவைக்கிறேன். பந்து ஓடும் பலகைப் பாதையான லேன் மீது கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் பூசியிருக்கும். எண்ணெயில் பந்து வழுக்கும். உலர்ந்த பலகையில் பிடித்துத் திரும்பும். எறிய எறிய எண்ணெய் குறையும். எங்கள் கோச் வெங்கி சாரின் திட்டமே இதை வைத்துத்தான். மூவர் அணியில் முதல் ஆள் நான். சொரசொரப்பாகத் தேய்த்த பந்தால் வலது ஓரத்தை உலர்த்த வேண்டும். நடுவைத் தொடக்கூடாது. இரண்டாவதாக எறியும் அன்னாளும் அப்படியே. கடைசியாக வரும் பத்மப்ரியா அக்கா நடுவில் மிச்சமிருக்கும் எண்ணெயை நம்பி எறிவார். பந்து வெளியே தவறினாலும் உலர்ந்த ஓரம் அதைப் பின்களுக்கே திருப்பிவிடும்.

அவருடைய சராசரி 188. என்னுடையது 174.

ஜனவரி 19, ஞாயிறு

கொச்சிப் போட்டியின் விதி வந்துவிட்டது. முதலில் வரும் அணி முழுதாக மாநில முகாமுக்குப் போகும். பிற அணிகளிலிருந்து தனி ஸ்கோர் பார்த்து இரண்டே பேர்.

அதாவது அணி தோற்றால், பாதை போட்ட நான் எந்தப் பட்டியலிலும் இல்லை. சாரிடம் சொன்னேன். “ஸ்கோரை மறந்துடு. மூணு பேருக்கும் ஒரே லேன்” என்றார்.

மறந்துவிடலாம். பிறகு என்னிடம் என்ன இருக்கும்?

ஜனவரி 28

நாங்கள் இருவரும் வேலை செய்யும் ஃபாக்டரி லேபில் அன்னாள் மெல்லச் சொன்னாள்: “யக்கா, உழுறது நீங்க, அறுக்குறது அவுக.” இடுக்கி எஸ்டேட்காரி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கொச்சி. ரயிலில் எழுதுகிறேன்.

ஐந்து கேம் முடிந்தபோது பதினான்கு பின் பின்தங்கி இரண்டாவது இடம். பத்மாக்கா தட்டிக்கொடுத்தார்: “ஓரம் நன்னா திறந்திருக்கு, கேட்டியா? கடைசி கேம்ல பிடிச்சுடலாம்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆறாவது கேமில் என் முதல் பந்துக்கு ஐந்து பலகை இடப்பக்கம் நகர்ந்து நின்றேன். திட்டமிட்டா? தெரியவில்லை. கால் போயிற்று, நானும் போனேன். அதே சொரசொரப் பந்து, நடுவில். ஸ்ட்ரைக், ஒரே பந்தில் பத்துப் பின்னும். மறுபடியும். வரிசையாக ஐந்து. அணியே கத்தியது. 224.

அந்தப் பந்து ஒவ்வொரு முறையும் நடுவின் எண்ணெயைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனது. நான்காவது சுற்றிலிருந்து பத்மாக்காவின் பந்து பாதியிலேயே திரும்பி, முன்னால் நிற்கும் பின்னைத் தாண்டி இடப்பக்கம் ஓடியது. இரண்டு முனையிலும் பின்கள் நின்றன. அவர் நகர்ந்து பார்த்தார், பந்தை மாற்றிப் பார்த்தார். 129.

ஒன்பது பின்னில் தோற்றோம்.

நாவல்களில் துரோகம் செய்பவனுக்கு முகம் வேர்க்கும். எனக்கு உள்ளங்கைகூட உலர்ந்தே இருந்தது.

பிப்ரவரி 3

சார் கூப்பிட்டு விசாரித்தார். கடைசி கேமின்போது அவர் அடுத்த ஹாலில் ஆண்கள் அணியோடு இருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, “பத்மா சொல்லிட்டா, மணிக்கட்டு பிடிச்சிண்டுடுத்தாம்” என்றார்.

அவருக்கு மணிக்கட்டில் ஒன்றுமில்லை. ரயிலில் என் பையையும் சேர்த்து அந்தக் கையால்தான் தூக்கினார்.

கடைசி ஆள் எல்லாப் பந்தையும் பார்க்கிறாள். இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

பிப்ரவரி 9, ஞாயிறு

பட்டியல். தனி ஸ்கோரில் இரண்டாவது பெயர் என்னுடையது. அவர் பெயர் இல்லை. அந்த 129 இழுத்துவிட்டது.

போன் செய்தேன். “அக்கா, நான்தான் நடுவில —”

“தெரியும்.”

“ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா பட்டியல்லேர்ந்து உன் பேரையும் அடிச்சிருப்பா. யாருக்கு லாபம்? சாரமில்லை, போட்டும்.” பிறகு, “இனிமே நான் இதுக்கெல்லாம் வர்றதா இல்லை. கூப்பிடாதே, என்ன” என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ச்சே, என்ன பொம்பள நான்.

பிப்ரவரி 16

பயிற்சிக்குப் போகவில்லை. அன்னாளும் போகவில்லையாம். அணி என்று ஒன்று இல்லை.

மார்ச் 1, சனி

மாநில முகாம், முதல் நாள். அந்த 224 பார்த்து என்னைக் கடைசி ஆளாகப் போட்டிருக்கிறார்கள். முன்னால் எறியும் இரண்டு பெண்களும் நல்லவர்கள். “சேச்சிக்கு நடுவை விட்டுவைப்போம்” என்றார்கள்.

நாள் முழுக்க பின்களை நான் பார்க்கவேயில்லை. அவர்கள் எந்தப் பலகையில் காலை வைக்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.