சைக்கிள் பாதையில் அடுக்கிய குடங்கள்

காரைக்கால்
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் ஆக்சிலியாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், அம்மாவுக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறது, எனக்குத்தான் வாய் அடங்கவில்லை. அங்கே உன் முட்டிக் காயமும் ஆறி நீ சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் இரண்டு பேருமே குரலை உயர்த்திவிடுகிறோம், அதனால் பிரான்சில் உன் ஊரான லியோனுக்குத் திரும்பும் ஜான்பீட்டர் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் கடைத்தெருவில் சைக்கிளுக்கென்று ஓரமாகப் பச்சைப் பட்டை அடித்திருக்கிறார்கள். முதல் நாள் பார்த்ததும், சாமான் பரப்பத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக் குடம், வாளி எல்லாவற்றையும் கோடு பிசகாமல் அதன்மேல் அடுக்கினேன். என்னைப் பார்த்துத் தெருவே அடுக்கியது. விவரம் தெரிந்த பிறகும் நான் எடுக்கவில்லை, அதை மறைப்பானேன். நம் கடையில் வேலை பார்க்கும் அஞ்சுகம் நெரவியிலிருந்து சைக்கிளில்தானே வருகிறாள், போன வாரம் நம் குடங்களைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கியவள், பின்னால் வந்த பஸ் ஹாரனில் மிரண்டு விழுந்துவிட்டாள். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. தூக்கிவிட ஓடினால், "கொடத்துக்கு ஒண்ணும் ஆவலியே மொதலாளி?" என்று கேட்டாள். திருவேட்டக்குடி, மண்டபத்தூர் என்று ஊர் ஊராகச் சைக்கிள் கேரியரில் குடம் கட்டி விற்றுத்தானே நானும் கடை வைத்தேன்.

இதற்குள் எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் பட்டையை அழிக்கச் சொல்லி மனு எழுதியாயிற்று, செயலாளரான என் கையெழுத்துத்தான் பாக்கி. அவர்கள் பேச்சிலும் நியாயம் உண்டு. லோடு வண்டி நிற்க இடமில்லை, ஸ்கூட்டர்காரர்கள் எதிர்த்திசையில் அதிலேயே பாய்கிறார்கள், பட்டையும் நாற்சந்திக்கு முன்னால் திடீரென்று முடிந்துபோகிறது. ஆனால் சாமானை உள்ளே இழுத்துவிட்டு நாலு நாள் உட்கார்ந்து கவனித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயமில்லாமல் வரிசையாகப் போகிறார்கள். கார்க்காரர் ஒரு வாளிக்காக என்றைக்கும் நின்றதில்லை, சைக்கிளில் வருகிறவர்தான் ஒரு காலை ஊன்றிக்கொண்டு விலை கேட்கிறார்.

நேற்றுக் கூட்டத்தில், காலை எட்டு மணிவரை லோடு இறக்கிக்கொள்வோம், அப்புறம் பாதையை விட்டுவிடுவோம், அப்படி மாற்றினால்தான் கையெழுத்து என்றேன். ஜவுளிக்கடை பூமிநாதன், "மொவ சீமையில சைக்கிள் வுடுதுன்னு எங்க வயித்துல அடிக்கிறீங்களே மச்சான்" என்றார். "என் கடை வாசல்ல வுழுந்தது சீமைக்காரி இல்லிங்க, அஞ்சுகம்" என்றேன். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தார்கள். மனுவைத் திருத்தி எழுதியவரும் பூமிநாதன்தான், அவருக்குத்தான் எழுத்து அழகு.

போன மாதம் நீ விழுந்தாய் என்றதும், சைக்கிளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கார் வாங்கு என்று கத்தினேன். பாதையை மறித்து எவனோ வேனை நிறுத்தியிருந்தான், அதைச் சுற்றிப் போனதால் விழுந்தேன் என்று நீ சொன்னாய். அவனை என்னென்ன திட்டினேன்! அவனும் என்னைப் போல ஒரு வியாபாரியாகத்தான் இருப்பான்.

கார் பேச்சை விட்டுவிட்டேன், நீ சைக்கிளிலேயே போ. வழி மறித்திருந்தால் மட்டும் சுற்றாதே, இறங்கித் தள்ளிக்கொண்டு போ, நேரமானால் ஆகட்டும். மாதா உனக்கு முன்னால் போவாள். அம்மா அனுப்பும் மல்லித்தூளை உடனே டப்பாவில் கொட்டி மூடு. ஹெல்மெட் வாரை மாட்ட மறக்காதே.

குடங்களை உள்ளே எடுத்துவிட்ட உன் அப்பா,
மரியமுத்து