இடது பக்க ஜன்னல்

அன்புள்ள அம்மாவுக்கு, டொரண்டோவிலிருந்து ஜாஸ்மினின் ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதே. நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று என் வார்டில் ஒரு பெரியவர், நம் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டார். போனில் பார்த்துச் சொன்னேன்: பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர், நடுவில் மாறி ஏறினால் இருபத்து நான்கு மணி நேரம். "ஒரே நாள்தானே" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். விமானம் தாமதமாகி, அந்த ஒரு நாள் ஒன்றரை நாளானதில்தானே அப்பாவின் அடக்கத்துக்கு நான் வந்து சேரவில்லை.

ஒன்று சொல்கிறேன், பயப்படாதே. நான் வரும்போதெல்லாம், விமானம் நம் பொழிச்சலூர் மேல் தாழும் நேரம் பார்த்து அப்பா மொட்டைமாடியில் சிவப்புத் துண்டை வீசுவார். நான் இடது பக்க ஜன்னலில் உட்கார வேண்டும் என்பது அவர் கண்டிஷன். அன்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நம் மாடியில் சிவப்புத் துண்டு அசைந்தது. செய்தி பொய் என்று நினைத்து ஓடிவந்தேன். வீடு பூட்டியிருந்தது. நீங்கள் யாரும் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பவில்லை. பிறகு துண்டைக் கேட்டேன். "அத அப்பாகூடவே பெட்டிக்குள்ள வச்சிட்டோம்டி" என்றாய்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், இடது பக்க ஜன்னல்தான். கறிவேப்பிலைப் பொடி அரைத்து வை. மொட்டைமாடிக் கதவை மட்டும் பூட்டாதே, அம்மா.

ஜாஸ்மின்