கோவளத்துக்கு நீ கூட வந்த நாள்

இன்று காலை மேற்குத் தாம்பரத்து ஜெராக்ஸ் கடைக்காரர் மாதிரித் தேர்வுத் தாள்களைக் கட்டாக நீட்டினார். சூடு ஆறவில்லை. மையும் புதுக் காகிதமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். மழை நாட்களில் அந்தக் கட்டைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, "ஹீட்டர் மாதிரி கீது மேத்ஸ்!" என்று கடைக்காரர் காதுபடவே சொல்வாய். வகுப்பில் அத்தனை திருத்தமாக ஆங்கிலம் பேசுகிறவள், தெருவில் இறங்கியதும் நீ பிறந்து வளர்ந்த தெருவின் பேச்சுக்கு மாறிவிடுவாய். என்னைப் பெயர் சொல்லி நீ கூப்பிட்டதே இல்லை. நான் மேத்ஸ். நீ இங்கிலீஷ்.

சேலையூரில் என் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் பிளஸ் டூ பிள்ளைகளை நுழைவுத் தேர்வுகளுக்குத் தயார் செய்தோம். விண்ணப்பம், கவுன்சலிங் எல்லாவற்றுக்கும் துணை நின்றோம். நான் விடைகளைத் துரத்துவேன். நீயோ பிள்ளைகளைக் கேள்வியை இரண்டு முறை படிக்கவைப்பாய். "அவசரப்பட்டு என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" என்பாய். எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும். மூன்று மணி நேரத் தேர்வில் இரண்டு முறை படிக்க நேரம் ஏது என்று உன்னோடு வாதாடியிருக்கிறேன். அந்த வேகம்தான் சந்தியாவின் விஷயத்தில் என்னைக் கவிழ்த்தது.

சந்தியா கோவளத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். இரண்டு பஸ் மாறி நம் வகுப்புக்கு வருவாள். பொறியியல் கவுன்சலிங்கில் அவளுக்கு வேண்டிய கல்லூரிகளை இணையத்தில் வரிசையாகப் பதிந்து பூட்ட வேண்டும். பூட்டிவிட்டால் மாற்ற முடியாது. அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நானே மளமளவென்று பதிந்தேன். கேளம்பாக்கம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவு, அதுதான் முதல் விருப்பம். அதே பெயரில் மேற்கு மாவட்டம் ஒன்றிலும் ஒரு கல்லூரி இருந்தது. நான் அதன் எண்ணைப் போட்டுவிட்டேன்.

கல்லூரி ஒதுக்கீடு வந்த காலையில்தான் அது தெரிந்தது. உனக்குப் போன் செய்து, "சர்வர்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிடலாமா?" என்று கேட்டேன்.

"நம்பர் போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப அதச் சொல்லு. போன்ல வேணாம், நேர்ல போலாம். நானும் வரேன்."

கேளம்பாக்கத்தில் இறங்கி, கோவளம் பஸ் பிடித்தோம். வழி நெடுக நீ எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலை மட்டும் என் மடியில் வைத்தாய். நாம் போய்ச் சேர்ந்தபோது சந்தியாவின் அம்மா வியாபாரம் முடித்து வாசலில் அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். சந்தியா உள்ளேயிருந்து சிரித்தபடி வந்தாள். அவள் இன்னும் ஒதுக்கீட்டைப் பார்த்திருக்கவில்லை.

நீ பேசுவாய் என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் சும்மா நின்றாய். வேறு வழியில்லாமல் நானே சொன்னேன். எண் மாறியது, மாற்றியது நான், தப்பு முழுக்க என்னுடையது.

"இன்னா டீச்சர் சொல்ற? எம்பொண்ணு அம்மாந்தூரம் போய்த் தனியா கெடக்கணுமா?" என்று அந்த அம்மா கையிலிருந்த கூடையைப் போட்டார்.

சந்தியா அழுதாள். "நான் லிஸ்ட்டப் பாக்கவே இல்ல மிஸ். நீங்க போட்டா கரெக்டா இருக்கும்னு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் அழுது முடிக்கும் வரை நீ காத்திருந்தாய். பிறகு பையிலிருந்து கவுன்சலிங் விதிகளின் தாளை எடுத்து அவளிடமே கொடுத்து, "படி" என்றாய். அவள் விசும்பிக்கொண்டே படித்தாள். இந்த இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம், முடிவெடுக்க இரண்டு நாள் இருக்கிறது. "அடுத்த ரவுண்டுல கம்ப்யூட்டர் கெடைக்காமப் போகலாம். அதையும் யோசிச்சுக்கோ. நாங்க சொல்றதுக்காக எதையும் பண்ணாத" என்றாய். அவள் அம்மாவைப் பார்த்தாள். "தெனம் வூட்டுக்கு வந்து சோறு துன்ற மாதிரி காலேஜா பாரு, போதும்" என்றார் அம்மா.

கிளம்பும்போது அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. உன்னிடம் மட்டும், "தப்பு பண்ட்டு வூடு தேடி வந்து சொல்றவங்கள நான் பாத்ததில்ல" என்றார். நீ உடனே என்னைக் காட்டி, "சொன்னது அவங்க" என்றாய். அந்த இரண்டு வார்த்தைகளுக்கு நான் உனக்கு நன்றி சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

அடுத்த சுற்றில் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை. பஸ் போகும் வழியில் இருந்த ஒரு கல்லூரியில் சிவில் கிடைத்தது. சேர்ந்தாள். அதன்பின் நம் மாடிக்கு அவள் வரவில்லை. நீ போன் செய்தால் பேசுவாள், என்னோடு பேசமாட்டாள்.

போன வருடம் உன்னை அடக்கம் செய்த அன்று உன் வீட்டுக்கு வந்திருந்தாள். நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மிஸ், கம்ப்யூட்டர் போச்சேன்னு இன்னும் சில நாள் தோணும். நீங்க ரெண்டு பேரும் வெயில்ல வந்து நின்னதும் கூடவே ஞாபகம் வரும்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். உனக்காக அழ வந்தவள் நான். எதற்கெல்லாம் சேர்த்து அழுதேன் என்று தெரியவில்லை.

தப்பு நேர்ந்தால் இப்போதும் என் நாக்கு முதலில் ஒரு சாக்கைத்தான் தேடுகிறது. அப்போது நீ பக்கத்தில் வந்து, எதுவும் பேசாமல், நிற்கிறாய்.

போன ஞாயிறு விடைப் பட்டியலில் ஒரு கணக்குக்குத் தவறான விடையைப் போட்டிருந்தேன். சரியாகப் போட்டவர்களுக்கெல்லாம் நாலு மதிப்பெண் கிடைக்காமல், தவறான விடைக்குக் கழிக்கும் ஒன்றும் சேர்ந்து போயிருந்தது. பலகை முன்னால் நின்று, "பதினேழாவது கணக்குல நான் குடுத்த விடை தப்பு. உங்க மேல தப்பில்ல" என்றேன். முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள்.

"அப்ப எனக்கு நாலு மார்க் ஏறுமா மிஸ்?"

"அஞ்சு" என்றேன். "மைனஸ்ல போன ஒண்ணும் திரும்பி வரும்ல?"

மாடியே சிரித்தது. நானும்தான், இங்கிலீஷ்.