கரிக்குள் மல்லிகை

4 ஆகஸ்ட் 2025, திங்கள்
வெள்ளகோவிலிலிருந்து முருங்கைக் குச்சி இரண்டு மூட்டை வந்துவிட்டது! மரங்களைக் கவாத்து செய்ததும் வெட்டிய கிளைகளை வரப்பில் போட்டுக் கொளுத்துவது தோட்டக்காரர் காளிச்சாமி அண்ணனின் வழக்கம். "வெறும் குப்பைங்க அம்மணி, எடுத்துட்டுப் போங்க" என்றார். குப்பையாம்! அதைக் கரியாக்கி, நீராவி பாய்ச்சினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கும். அவர் தோட்டத்துச் சாண எரிவாயுவிலிருக்கும் கரியமில வாயுவை அந்தத் துளைகள் பிடித்துக்கொள்ளும். எரிகிற மீத்தேன் மட்டும் வெளியே வரும். வரவேண்டும். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் என் வழிகாட்டி பொற்கொடி மேடம். இரண்டு வருட உழைப்பு.

9 ஆகஸ்ட்
கரி தயார். கருகருவென்று என்ன அழகு! ஆய்வகத்தில் ஒரே ஈரம், அதனால் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, கீழே அத்தா கடை அலமாரியில் வைத்திருக்கிறேன். ஏற்கெனவே நன்றாகக் காய்ந்ததுதான். சோதனைக்கு முன் மறுபடி சூடாக்க வேண்டியதில்லை.

14 ஆகஸ்ட்
கரி வாயுவைப் பிடிக்கவே இல்லை. போன வாயு போனபடியே வெளியே வருது. அல்லாஹ், எங்கே தப்பு பண்ணித் தொலைச்சேன்?

18 ஆகஸ்ட்
கண்டுபிடித்தாகிவிட்டது! கரியைச் சூடாக்கிப் பார்த்தோம். ஆய்வக உதவியாளர் கிருபாசங்கர் மூக்கைச் சுருக்கினார். "ஏனுங்க ரிஃபானா, கரியில மல்லியப்பூ வாசம் அடிக்குதுங்க!"

அத்தாவுடையது அத்தர் கடை. டப்பாவின் தளர்ந்த மூடி வழியாக, அலமாரியில் இருந்த ஐந்து நாளும் கரி அத்தரைக் குடித்துத் துளையெல்லாம் நிறைந்துபோயிருக்கிறது. கோட்டைமேட்டில் அந்தக் கடைக்கு மேலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது வாசமாகவே படவில்லை. நல்ல ஆராய்ச்சியாளர் நான்!

அத்தாவிடம் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "என் அத்தரு உன் வேலையக் கெடுத்துருச்சாம்மா?"
"இல்லத்தா, இந்தக் கரி எவ்வளவு இழுக்கும்னு காட்டிக் கொடுத்துருச்சு!"

20 ஆகஸ்ட்
வாசம் போகும்வரை சூடாக்கி மறுபடி ஓட்டினோம். பிடிக்கிறது! பிடிக்கிறது! மேடம் சிரிக்கவில்லை. "தோட்டத்து வாயுவுல காட்டு, அப்பறம் பேசலாம்."

27 ஆகஸ்ட்
வெள்ளகோவில். நூற்றுக்கு முப்பத்தெட்டாக இருந்த கரியமில வாயு, எங்கள் குழாயைத் தாண்டியதும் இரண்டு. நம்பாமல் மூன்று முறை அளந்தேன். இரண்டேதான்! அடுப்பில் நீலமாக எரிவதைக் காளிச்சாமி அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்னும் நாலு மூட்டை குச்சி கேட்டேன். தலையைச் சொறிந்தார். "தரலாமுங்க... மூட்டை என்ன வெலைக்கு எடுத்துக்கறீங்க அம்மணி?"

பஸ் ஏறுவதற்குள் மேடத்துக்குப் போன் செய்து அளவையெல்லாம் ஒப்பித்தேன். "ம்" மட்டும்தான் வந்தது. அண்ணன் விலை கேட்டதைச் சொன்னதும்தான் சிரிப்பு கேட்டது.

"வெலையே கேட்டுப்போட்டாரா? அப்பறம் எதுக்குக் கண்ணு தலைப்ப மாத்தறது?"