ராணி விட்ட குளிசை

கார்த்திகை 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. சுன்னாகத்தில் பஸ் ஏறுமுன்பே நனைந்தாகிவிட்டது. ஆசுபத்திரியில் தங்கை ராணிக்கு இன்று நான்காம் நாள். பாரிசவாதம். வலக்கை, வலக்கால் அசைவில்லை. பேச்சும் இல்லை. என்னைக் கண்டதும் அழுதாள். கஞ்சி மூன்று கரண்டி.

பிரஷர் குளிசை ஒழுங்காகப் போட்டவவா என்று டொக்டர் அவள் கணவன் சிவத்திடம் கேட்டார். ஓம் என்றான். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் குளிசையை விட்டு மூன்று மாதம். விடச் சொன்னது நான்.

5, புதன்

எனக்கும் பிரஷர். ஆவணியில் குளிசையை முதலில் நான்தான் விட்டேன். தலைச்சுற்று இல்லை, நல்ல நித்திரை. பிறகென்ன, அவளிடம் போய்ப் பெருமை. "உந்தக் குளிசையை நெடுகப் போட்டால் கிட்னி பழுதாப் போம். என்னைப் பார், விட்டிட்டன், ஒண்டுமில்லை." ஐம்பத்திரண்டு வயதிலும் அக்கா சொன்னால் கேட்பவள்.

துவைத்த உடுப்பு ஒன்றும் காயவில்லை.

6, வியாழன்

நானும் கிளினிக் போனேன். பிரஷர் 190/110. பத்து நிமிடம் இருத்திவிட்டுத் திரும்பப் பார்த்தார்கள். அதேதான். நேர்ஸ் மிஸ் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "உது நோகாது அம்மா. நோகேல்லை எண்டு விட்டால் ஒருநாள் விழுத்திப்போடும்."

குளிசை திரும்பவும். காலை ஒன்று, இரவு ஒன்று. கருவாடு, ஊறுகாய், அப்பளம் கூடாது. மத்தியானம் உப்பில்லாத பருப்பு. பாதியை நாய்க்கு வைத்தேன்.

8, சனி

வீடு கூட்டும்போது அரிசி வாளிக்குப் பின்னால் குளிசைப் பைகளைக் கண்டானாம் சிவம். ஒன்றும் பிரிக்காதபடி. ஏன் தனக்கு ஒளித்தாள் என்று என்னிடம் கேட்டான். வாய்வரை வந்தது. தேத்தண்ணி வாங்கித் தந்தான். குடித்தேன்.

9, ஞாயிறு

காலையில் பார்மசியில் 170/100.

சொல்லிவிட்டேன். கட்டிலருகே, ராணியும் கேட்க. சிவம் கஞ்சிக் கோப்பையை மூடி வைத்தான். பிறகு மெதுவாக, "உங்களை நம்பித்தானே அக்கா அவ எல்லாம் செய்தவ. இனி நீங்கள் வரவேண்டாம்."

எழும்பினேன். ராணி இடக்கையால் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. சிவம்தான் விரல் விரலாகக் கழற்றிவிட்டான்.

10, திங்கள்

குளிசை போட்டேன். பார்மசியில் 160/100. ஆசுபத்திரிக்குப் போகும் பத்தரை பஸ் வாசலைக் கடந்து போனது. நான் போகவில்லை.